சுருளியம்மாள் கங்காணியான மாதம்

வண்டிப்பெரியாற்றிலிருந்து மலையேறும் சாலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1974-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத் தொடக்கத்தில், மேற்பிரிவுக் கங்காணி சங்கையா குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளும்பொருட்டுக் கம்பத்துக்குப் புறப்பட்டுப் போனார். திரும்பி வர ஒரு மாதமாகும் என்றார். கொழுந்து கொழிக்கும் பருவம் அது. இரவில் மழையும் பகலில் இளவெயிலுமாக மாறி மாறி வந்ததனால், இன்று கிள்ளிய செடி அடுத்த வாரமே மறுபடி தளிர்த்து நின்றது.

கங்காணி என்பவர் தாம் கொழுந்து கிள்ளுவதில்லை. பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பதும், கூடையில் விழுவது இளங்கொழுந்துதானா என்று பார்ப்பதும், விட்டுப்போன செடிகளைச் சுட்டிக் காட்டுவதும், நேரத்துக்கு நிறுவைக் கொட்டகைக்குக் கூட்டிச் செல்வதுமே அவருடைய வேலை. அது ஆண்கள் பார்க்கும் வேலை என்பதில் அத்தோட்டத்தில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆதலின், சங்கையா வரும்வரையில் மேற்பிரிவுப் பெண்களை நடத்துவது யார் என்ற பேச்சு எழுந்தபோது, கீழ்ப்பிரிவுக் கங்காணி பெரியமுத்து அதற்குத் தாமே விடை சொன்னார். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கித் தம் பொறுப்பில் விட்டுவிட்டால் எல்லாம் எளிதாக முடியும் என்பது அவர் கருத்து. மானேஜருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஒரு மாதத்துக்கு மட்டும் ஏன், ஒரேயடியாகவே இணைத்துவிடலாமே என்று அவர் சொன்னதாகச் செய்தி அன்று மாலையே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழாயடிக்கு வந்து சேர்ந்தது.

குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன; எடுப்பார் இல்லை. கீழ்ப்பிரிவு ஆற்றுக்கு அப்பால் இருந்தது. மேற்பிரிவிலோ, பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை தேயிலைக் காட்டின் ஓரத்திலேயே இருந்தது. கைக்குழந்தை வைத்திருந்த ஐந்து பெண்களும் முற்பகலில் ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப அது வசதியாயிருந்தது. ஆற்றுக்கு அப்பால் போய்விட்டால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். காலையில் பிரிந்த குழந்தையை மாலையில்தான் காண முடியும். அவ்வைவருள் சுருளியம்மாளும் ஒருத்தி. அவளுடைய மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

தோட்டத்தின் களக் கண்டக்டராக, அதாவது கங்காணிகளுக்கு மேலான மேற்பார்வையாளராக, இருந்தவர் பொங்கியண்ணன். பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டியைச் சேர்ந்தவர். நெல்லும் தென்னையுமாகச் சமவெளியில் வளர்ந்தவர் மலைக்கு வந்து பல்லாண்டு ஆகியும், அவருடைய கொங்குப் பேச்சு இம்மியும் கரையவில்லை. அவர் மானேஜரிடம் போய் நெடுநேரம் பேசினார். மேற்பிரிவுப் பெண்களிலேயே ஒருத்தியைத் தற்காலிகக் கங்காணியாக்கிப் பார்க்கலாம் என்றும், அதனால் எவருக்கும் நட்டமில்லை என்றும் எடுத்துச் சொன்னார். மானேஜர் இறுதியில் இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிட்டு நிறுத்தும் அந்தக் கூட்டத்தில், பொங்கியண்ணன் அந்த நிபந்தனையைப் பெண்கள் எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சங்கையா வார வரைக்கும் நம்ம சுருளிதான் கங்காணி. கேட்டுக்குங்க எல்லாரும். எடை கொறயப்படாது, முத்துன கரட்டு எலை வரப்படாது. கொறஞ்சுதுன்னா கூட்டத்தை ஆத்துக்கு அந்தப் பக்கம் சேத்திப் போடுவாங்கொ. அப்பறம் எங்கிட்ட வந்து அழுது பிரயோசனமில்ல."

சுருளியம்மாள் தனக்குக் கொழுந்து கிள்ள மட்டுமே தெரியும் என்று தயங்கினாள். அதற்காகத்தான் அவளைச் சொன்னதாகப் பொங்கியண்ணன் பெருமையோடு கூறினார். மேற்பிரிவில் அவளைப்போல் விரைந்து கிள்ளுபவர் இல்லை என்பது உண்மை. நன்றாகக் கிள்ளுபவள் நன்றாகக் கிள்ள வைப்பாள் என்று அவர் எண்ணினார். அவளும் அப்படியே எண்ணிக்கொண்டாள். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அறிய இருவருக்கும் ஒரு வாரம் பிடித்தது.

சங்கையா விட்டுச் சென்ற குடையும் விசிலும் அவளிடம் கொடுக்கப்பட்டன. முதல் நாள் அவள் கூடை இல்லாத முதுகோடு காட்டுக்குள் நுழைந்தபோது, அவளுடைய வயதினளும் கூர்மையான நாவினளுமான முத்துப்பேச்சி இரு கைகளையும் கூப்பி வழிமறித்தாள்.

"கங்காணியம்மா, கும்புடுறேன். நேத்து உங்களுக்கு நான் கடனாக் குடுத்த சீனியை இப்பக் கேக்கலாமா, இல்லை மனு எழுதிக் குடுக்கணுமா?"

பெண்கள் சிரித்தார்கள்; சுருளியம்மாளும் சிரித்துவிட்டாள். பின்பு கங்காணி சிரிக்கலாகாது என்று நினைவு வந்து, சங்கையாவைப்போல் ஓர் அதட்டல் அதட்டிப் பார்த்தாள். அது பாதி வழியில் இருமலாக மாறியது. பெண்கள் முன்னினும் அதிகமாகச் சிரித்துவிட்டு, வழக்கம்போல் நிரைகளில் இறங்கினார்கள்.

நிரைகளுக்கு நடுவே அவள் நடந்தாள். இருபுறமும் பச்சைத் தளிர் இடுப்பளவுக்கு நிறைந்து நின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, விரல் பட்டால் ஒடியும் பக்குவத்தில் அது நின்றது. அவளுடைய கைகள் சும்மா இருக்க மறுத்தன. குடையை இடுக்கிக்கொண்டு, போகிற போக்கிலேயே ஒரு பிடி கிள்ளினாள். கிள்ளியதைப் போட முதுகில் கூடை இல்லை. ஆதலின் பக்கத்து நிரையில் இருந்தவளின் கூடையில் போட்டாள். அவள் மகிழ்ந்து திரும்பிப் பார்த்தாள். அடுத்த பிடி அடுத்தவளுக்குப் போயிற்று. உடம்பு முடியாதவளுக்கு ஒரு பிடி கொழுந்து போட்டு உதவுவது அம்மலையில் பழைய வழக்கம். ஆகவே அதில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. மாலைக்குள் அவள் ஒரு கூடைக்கு மேலேயே கிள்ளிப் பிறருக்குக் கொடுத்திருப்பாள். இவளைக் காட்டிலும் நல்ல கங்காணி உண்டோ என்று பெண்கள் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

சில நாள்களில் அந்தப் பேச்சு மாறிற்று. அவள் தங்கள் நிரைப் பக்கம் எப்போது வருவாள் என்று பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கலானார்கள். பார்க்கும்போது கை நின்றது. சுருளியம்மாளின் கணவனுக்கு அக்காளான குருவம்மாளும் அக்கூட்டத்தில் இருந்தாள். முழங்கால் வலிக்காரி, மெதுவாகக் கிள்ளுபவள். இயல்பாகவே சுருளியம்மாளின் கை அவளுடைய கூடையை நோக்கிச் சற்று அதிகமாகப் போயிற்று. இதை முத்துப்பேச்சி கவனித்து வந்தாள்.

"மதினி கூடைக்கு அள்ளி அள்ளிப் போடுற, என் கூடைக்குக் கிள்ளிப் போடுற. நல்ல கங்காணித்தனம்" என்று அவள் ஒரு நாள் எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

அன்று மாலை பெண்கள் இரு கட்சியாகப் பிரிந்து வீடு சென்றார்கள். அதற்கு மறுநாள் ஆலையிலிருந்து ஒரு மூட்டைக் கொழுந்து திரும்பி வந்தது. முற்றிய இலையும் தண்டுமாக இருந்த அந்த மூட்டையை மேற்பிரிவு நிறுவைக் கொட்டகையின் வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு டிராக்டர் போய்விட்டது. எடையும் முந்திய வாரத்தைவிடக் குறைந்திருந்தது.

செய்தி அறிந்து பெரியமுத்து ஆற்றைக் கடந்து வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற பொங்கியண்ணனிடம் மெய்யான இரக்கத்தோடு பேசினார்.

"இந்தப் புள்ளையை ஏன்யா போட்டு வதைக்கிறீக? சொல்லுங்க, நாளைக்கே நான் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன். எங்கரையில எல்லாம் சரியாப் போயிரும்."

பொங்கியண்ணன் சுருளியம்மாளிடம் திரும்பினார். வரும் வெள்ளிக்கிழமை மானேஜர் நேரில் வருகிறார் என்றும், அதற்குள் நாலாம் நம்பர்க் காடு முழுவதையும் கிள்ளி முடிக்காவிடில் தளிர் முற்றிப்போகும் என்றும், அதன் பின் தாம் வாதாட இடம் இராது என்றும் மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் அந்த மூட்டையை மறுநாள் காலையில் காட்டுக்கே தூக்கிவரச் செய்தாள். நாலாம் நம்பர்க் காட்டின் உச்சியில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் மேல் சாக்கை விரித்துக் கொழுந்தைக் கொட்டி, முற்றிய இலைகளைப் பொறுக்கி எறியத் தொடங்கினாள். வெட்கத்தினால் நெடுநேரம் தலை நிமிரவில்லை. பின்பு கழுத்து வலித்தபோது நிமிர்ந்தாள். அப்போதுதான் காடு முழுவதும் ஒருசேர அவள் கண்ணில் பட்டது.

இத்தனை ஆண்டுகளாக அக்காட்டில் உழைத்தும் அவள் அதைப் பார்த்ததில்லை. தன் முன்னால் இருந்த செடியைத்தான் பார்த்திருந்தாள். கங்காணியான பிறகும் அப்படித்தான். செடி செடியாகக் குனிந்தே நடந்தாள். இப்போது மேலிருந்து பார்க்கையில், தனித்தனியே தெரியாத பலவும் சேர்ந்து தெரிந்தன. குள்ளமான அன்னமேரி உயரமான செடிகள் நின்ற மேட்டில் கால்விரல்களை ஊன்றி எக்கி எக்கிக் கிள்ளிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் செங்குத்தான சரிவில் ஒரு கையால் செடியைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையால் எட்டியதையெல்லாம் பறித்துப் போட்டாள். முற்றிய இலை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிற்று. இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு வரிசைச் செடி தொடப்படாமலே இருந்தது. அது மற்றவளுடையது என்று இருவருமே எண்ணியிருந்தார்கள். முத்துப்பேச்சியோ தன் நிரையை எப்போதோ முடித்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த பகுதிக்குள் இறங்கலாம் என்பது முறை. அந்த முறையை எவரும் மாற்றியதில்லை. காலையில் எந்த வரிசையில் பெயர் கூப்பிடப்பட்டதோ அந்த வரிசையிலேயே நிரை. யாருக்கு முழங்கால் வலி, யார் உயரம், யார் விரைவு என்பதெல்லாம் அதில் சேர்த்தி இல்லை.

சாயா நேரத்தில் அவள் எல்லாரையும் பாறையடிக்குக் கூப்பிட்டாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்து வந்தவர்களிடம், காடு வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டுமானால் என்ன செய்யலாம் என்று கேட்டாள். கங்காணி என்பவர் அவர்களிடம் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. அதற்கு விடை சொல்லலாமா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் அன்னமேரி, தாழ்ந்த செடிகள் உள்ள பக்கத்தில் தனக்கு நிரை கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று மெல்லச் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். கடைசியில் முத்துப்பேச்சி வெற்றிலையைத் துப்பினாள்.

"சும்மா குந்தியிருக்க எனக்கு மட்டும் ஆசையா? அடுத்தவ நிரையில எறங்குனா சங்கையா வைவாரு. கொழுந்து யாருக்குன்னு சண்டை வரும்பாரு."

"சண்டை வராம எப்படி எறங்கலாம், அதைச் சொல்லு" என்றாள் சுருளியம்மாள்.

முத்துப்பேச்சி யோசித்தாள். பின்பு, தன் நிரையை முடித்தவள் பிந்தியவளின் நிரையில் மறு கோடியிலிருந்து எதிர்த்து வரலாம் என்றும், யார் கிள்ளியது அவரவர் கூடைக்கு என்றும், இருவரும் சந்திக்கும் இடத்தோடு நிரை முடிந்தது என்றும் சொன்னாள். பெண்களுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. தன் நிரையில் கண்டவள் கால் வைப்பதற்குத் தான் இசையமாட்டேன் என்று குருவம்மாள் கூறினாள். ஆனால் கொழுந்து கொழிக்கும் காலத்தில் காடு பெரிது, கை குறைவு என்பதும், காத்துக் கிடக்கும் நேரம் மிச்சமானால் எல்லார் கூடையுமே நிறையும் என்பதும் மற்றவர்களுக்கு விளங்கிவிட்டன.

இனி ஒரு பிடி கொழுந்தும் தான் எவர் கூடையிலும் போடப்போவதில்லை என்று சுருளியம்மாள் அறிவித்தாள். அதை நம்ப முடியாது என்றும், அவளுடைய கைகளைக் குடைக்காம்போடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்றும் முத்துப்பேச்சி சொன்னாள். கட்டவில்லை; ஆயினும் அன்று முதல் அவள் வெயிலிலும் குடையை விரித்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பாதி நேரம் அவளுடைய விரல்கள் குடைக்காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

நிரைகளை மாற்றிப் பிரித்தாள். அன்னமேரி தாழ்ந்த செடிகளுக்குப் போனாள். குருவம்மாளுக்குச் சமமான தரை கிடைத்தது. அன்று பிற்பகல் அவளுடைய கூடையைச் சுருளியம்மாள் நிரையின் முடிவில் நிறுத்திச் சாக்கின் மேல் கவிழ்த்தாள். பழைய பழக்கம் போகவில்லை. இளங்கொழுந்துக்கு நடுவே முற்றிய இலைகள் கிடந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மதினி, இதை நீங்களே பொறுக்கிட்டுக் கொண்டாங்க."

"எந் தம்பி பொண்டாட்டி எனக்கு ஞாயம் சொல்ற காலம் வந்துருச்சு" என்றாள் குருவம்மாள். அவளுடைய முகம் சிவந்துவிட்டது.

"ஊட்டுல நீங்க சொன்னதை நான் கேக்குறேன்ல. இங்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க. சங்கையா வந்த மறுநா எம்புட்டு வையணுமோ வைதுக்கோங்க, நான் வாய் தொறக்க மாட்டேன். இப்ப இது எம் புள்ளைக்குப் பால் குடுக்குற வழி, மதினி. அஞ்சு புள்ளைகளுக்கு."

குருவம்மாள் உட்கார்ந்து பொறுக்கினாள். அன்றிரவு அவள் தம்பி வீட்டுப் பக்கம் வரவில்லை. குழம்பு கேட்டும் ஆள் அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் காட்டில் ஒரு மாறுதல் தெரிந்தது. சொந்த மதினியின் கூடையே கவிழ்க்கப்பட்டதைக் கண்ட பின், எவரும் தங்கள் கூடையில் முற்றிய இலையைச் சேர்க்கத் துணியவில்லை. முத்துப்பேச்சியும் பிடிக் கணக்குப் பேசுவதை விட்டாள்.

எதிர்த்து வரும் முறை இரண்டே நாளில் ஒரு விளையாட்டாக மாறிற்று. செடியின் மேல்மட்டம் சமமாக இருக்கும்படி பார்த்துக் கிள்ளுவதற்காகப் பெண்கள் ஆளுக்கொரு நீண்ட கம்பு வைத்திருப்பார்கள். அதைச் செடியின் மேல் கிடத்தி, அதற்கு மேல் தெரிவதை மட்டுமே கிள்ளுவார்கள். இரு பக்கமிருந்து வந்தவர்கள் ஒரே செடியில் சந்தித்தபோது, யாரோ ஒருத்தி தன் கம்பால் மற்றவளின் கம்பைத் தட்டினாள். அதைக் கேட்டு அடுத்த நிரையிலும் தட்டினார்கள். அதன் பின், ஒரு நிரை முடிந்தால் 'டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. மூடுபனி இறங்கி எதுவும் தெரியாத நேரத்திலும், எந்தப் பக்கம் முடிந்தது, எந்தப் பக்கம் பிந்துகிறது என்பதைச் சுருளியம்மாள் பாறை மேல் நின்றபடியே அறிந்துகொண்டாள். ஓசை கேட்காத பக்கம் எதுவோ அந்தப் பக்கம் நோக்கி நடந்தாள். போய்ப் பார்த்தால் ஒருத்திக்குக் கூடைக்கயிறு அறுந்திருக்கும். அல்லது அட்டை கடித்திருக்கும். அல்லது இருவர் சந்தித்த இடத்தில் கம்பைத் தட்ட மறந்துவிட்டு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை பிற்பகலில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. சமதரையில் முழங்கால் வலியின்றிக் கிள்ளிவந்த குருவம்மாள், தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் நிரையை மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டாள். முடித்தவள் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்து நிரைக்காரி முத்துப்பேச்சி. அட்டையைப் பிடுங்கி எறிவதில் நேரம் போய்விட்டதனால் அவளுக்கு இன்னும் சில செடிகள் மீதி இருந்தன. குருவம்மாள் புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த நிரையின் கோடியில் இறங்கினாள்.

"ஏத்தா முத்துப்பேச்சி, பதறாம வா. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

காடே சிரித்தது. முத்துப்பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்புகள் தட்டிக்கொண்டதும், குருவம்மாள் பாறையை நோக்கித் திரும்பி, நான்கு நாளாகப் பேசாதிருந்த வாயைத் திறந்தாள்.

"ஏய் சுருளி, பாத்தியா?"

"பாத்தேன் மதினி" என்றாள் சுருளியம்மாள். அன்றிரவு குழம்புச் சட்டி மறுபடியும் சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாகப் போய் வந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மேகம் கறுத்திருந்தது. பிற்பகல் மழை வந்தால் கீழே ஓடைப் பக்கம் கால் வைக்க முடியாது என்று கருதி, சுருளியம்மாள் அந்தப் பகுதியைக் காலையிலேயே முடித்துவிட்டுப் பெண்களை மேலே ஏற்றினாள். மானேஜரின் ஜீப் வந்தபோது, பாறையைச் சுற்றியிருந்த கடைசி நிரைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஜீப்பிலிருந்து அவரோடு பொங்கியண்ணனும் பெரியமுத்துவும் இறங்கினார்கள்.

மானேஜர் முதலில் கண்டது, பாறை மேல் குடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்ற சுருளியம்மாளைத்தான். அவருடைய புருவம் நெரிந்தது. தோட்டத்திலேயே சிறந்த கிள்ளுகாரி என்றல்லவா இவளைச் சொன்னார்கள், காடு முடிய வேண்டிய நாளில் இவள் சும்மா நிற்பதேன் என்று பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார். பொங்கியண்ணன் விடை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுருளியம்மாள் பாறையிலிருந்து இறங்கி வந்தாள்.

"எறங்குனா எங் கூடை மட்டும் நெறையும் தொரை. போன வாரம் அப்படித்தான் செஞ்சேன், மூட்டை திரும்பி வந்துச்சு. நான் நின்னாத்தான் அவுக வேலை நடக்குது."

மானேஜர் நிரைகளுக்கு நடுவே நடந்து, கைக்கு எட்டிய ஒரு கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அந்தக் கூடை குருவம்மாளுடையது. சுருளியம்மாளின் விரல்கள் குடைக்காம்பை இறுக்கின. மானேஜர் கொழுந்தை உள்ளங்கையில் பரப்பி, விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு இலையும் மொட்டும். இரண்டு இலையும் மொட்டும். முற்றியது ஒன்றுகூட இல்லை. அவர் அதைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு அடுத்தவளிடம் போனார். அங்கும் அப்படியே இருந்தது. குருவம்மாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன்னை ஒருவர் மணப்பெண்ணாகப் பார்த்துவிட்டுப் போனாற்போல் நிமிர்ந்து நின்றாள்.

மழையின் முதல் துளிகள் விழுந்தன. எவரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொள்ள நிற்கவில்லை. எதிரெதிராக வந்த பெண்கள் விரைந்தார்கள். ஒரு நிரையில் கம்பு தட்டிற்று. அடுத்து இரண்டு நிரைகளில். பின்பு காட்டின் நான்கு பக்கமும் டக்டக்கென்று ஓசை எழுந்து பாறை வரையில் வந்து ஓய்ந்தது. நாலாம் நம்பர்க் காடு முடிந்தது. பெண்கள் கூடைகளோடு நிறுவைக் கொட்டகையை நோக்கி ஓடினார்கள்.

நிறுவையில் வந்த எடை சங்கையாவின் நாள்களில் வந்ததைவிட மிகுதியாக இருந்தது. மானேஜர் அதை இருமுறை நிறுக்கச் சொல்லிக் கேட்டறிந்தார். பின்பு பொங்கியண்ணனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பெண்கள் அனைவரும் பொங்கியண்ணனின் முகத்தையே பார்த்தார்கள். அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மழைத்துளியை வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் பேசினார்.

"கூட்டம் இங்கயேதான் இருக்குமாமுங்க. அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. போய் வேலையப் பாருங்க."

ஐந்து தாய்மாரில் இளையவள் அழுதுவிட்டாள். முத்துப்பேச்சி அவளைத் தோளில் தட்டி, அழுகிற வேலையை வைத்துக்கொண்டு முதலில் கூடையைக் காலி செய்யச் சொன்னாள். பெரியமுத்து கொட்டகையின் ஓரமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, சுருளியம்மாளின் அருகே வந்து, அவளைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கம்பு தட்டுற சங்கதி, எங்காளுகளுக்கும் ஒரு நாளைக்கு வந்து சொல்லிக் குடுக்குறியாத்தா? நான் சொன்னா சிரிப்பாளுக."

வருவதாக அவள் சொன்னாள். மற்றொரு வாரம் அவ்வாறே கழிந்தது. அதற்கடுத்த வாரமும் கழிந்தது. ஐப்பசி பிறந்து, மலை ஓடைகள் நிறைந்து ஓடிய ஒரு காலையில் சங்கையா திரும்பி வந்தார். சற்று மெலிந்திருந்தார். சுருளியம்மாள் குடையையும் விசிலையும் அவரிடம் கொடுத்துவிட்டு, முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு பெண்களின் வரிசையில் போய் நின்றாள்.

சங்கையா பழைய முறைப்படி நிரை பிரிக்கத் தொடங்கினார். பெண்கள் அசையவில்லை. முத்துப்பேச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போது நிரை வேறு மாதிரி என்றாள். அன்னமேரி அதை ஆமோதித்தாள். நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. சங்கையா விழித்தார். பிறகு எல்லாருடைய கண்களும் சுருளியம்மாள் மேல் திரும்பின. ஒரு சொல் அவள் சொல்லியிருந்தால், அன்றே அக்கூட்டத்துக்கு இரண்டு கங்காணிகள் ஆகியிருப்பார்கள்.

"கங்காணியாரு வந்துட்டாருல. அவரு சொல்றதுதான்" என்றாள் அவள். "கேட்டா நீங்க சொல்லுங்க."

சங்கையா நெடுநாள் கூட்டம் நடத்தியவர். கூட்டத்தின் முகக்குறி அறியாதவர் அல்லர். குடையை மடக்கினார்.

"சரி தாய்களா, எப்படிப் பிரிச்சிருக்கீகன்னு காட்டுங்க. நானும் பாக்குறேன்" என்றார்.

காட்டினார்கள். அவர் பாறை மேல் ஏறி நின்று, எதிரெதிராக வந்து கம்பு தட்டும் பெண்களை முற்பகல் முழுவதும் பார்த்தார். இடையில் ஒருமுறை, குருவம்மாள் முதலில் முடித்தபோது, தம் கண்ணையே நம்பாமல் கீழே இறங்கிப் போய்க் கூடையைத் தொட்டுப் பார்த்து வந்தார். சுருளியம்மாள் தன் நிரையில் குனிந்திருந்தாள். ஒரு மாதமாகக் கட்டுண்டிருந்த அவளுடைய கைகள் செடிக்குச் செடி தாவின. அந்த வேகத்துக்கு எதிர்த்து வர எவருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. இவள் கங்காணியாகவே இருந்திருந்தால் நமக்கு இந்த மானக்கேடு இல்லை என்று முத்துப்பேச்சி பக்கத்திலிருந்து புலம்பினாள்.

நண்பகலில் சங்கையா விசில் ஊதினார். கைக்குழந்தைக்காரர்கள் ஐவரும் கூடைகளைச் செடிகளின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சேறு வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கொட்டகையின் வாசலில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செபமாலையம்மாள் இரு இடுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையைச் சுமந்துகொண்டு, இன்று ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். சுருளியம்மாளின் மகள் கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். தாயைக் கண்டதும் கையை விட்டாள். பொத்தென்று சாக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவாறே இரு கைகளையும் நீட்டினாள்.